சிறு பெட்டிக் கணிப்பொறி: சுருங்கிய உருவும் விரியும் திறனும்

பணியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் குடும்பங்களுக்கு இடத்தின் அருமை நன்கு தெரியும். மும்பையில் ஓர் அறைக் குடியிருப்பு, தில்லியில் மாடிமேல் ஒற்றை அறை, பெங்களூரில் வாடகைப் பகுதி என்று வாழ்வோர், ஒரு பொருளை வீட்டினுள் கொண்டுவருமுன் அதனை எங்கே வைப்பது, நாளை மாற்றல் உத்தரவு வந்தால் எப்படி எடுத்துச் செல்வது என்று எண்ணியே வாங்குவர். இத்தகையோருக்கென்றே அமைந்தாற்போல் இந்நாளில் சிறு பெட்டிக் கணிப்பொறிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு தடித்த புத்தகத்தின் பருமனே உடையவை; திரையின் முதுகிலேயே திருகாணியால் மாட்டிவிடலாம்; மாற்றல் நேர்ந்தால் துணிப் பையில் இட்டு இரயிலேறலாம்.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது பழமொழி. இப்பெட்டிகளிலும் காரம் குறையவில்லை. ஆயினும் வாங்குவோர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இன்று போதுமானதாக இருக்கும் இப்பொறி, மூன்று ஆண்டுகள் கழித்துப் போதாமற் போனால், அதன் மூடியைத் திறந்து வேண்டியதைச் சேர்த்துக்கொள்ள இயலுமா? அல்லது முழுவதையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்கவேண்டுமா? இக்கேள்வி நேற்றுப் பிறந்ததன்று. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக, கணிப்பொறியைப் படைத்தவர்களிடையே நடந்துவரும் வழக்கு இது. அவ்வழக்கின் வரலாற்றை அறிந்தால், கடையில் நின்று கேட்கவேண்டியவை தாமே விளங்கும்.

அறை நிறைந்த பொறிகள்

1946-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகிற்குக் காட்டப்பெற்ற 'எனியாக்' என்னும் மின்னணுக் கணிப்பொறி சுமார் 30 டன் எடையுடையது. ஏறத்தாழ 18,000 வால்வுகளால் ஆனது. நம் நாட்டில், கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகம் 1955-இல் பிரிட்டனிலிருந்து எச்.இ.சி. 2எம் என்னும் கணிப்பொறியை வரவழைத்தது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே வடிவமைத்துக் கட்டிய கணிப்பொறி 1960-இல் இயங்கத் தொடங்கிற்று. 1962-இல் அதற்கு 'டிஃப்ராக்' என்னும் பெயரைச் சூட்டியவர் பண்டித நேரு ஆவார்.

டிஃப்ராக்கின் நினைவகத்தில் 40 இருமிகள் கொண்ட 2,048 சொற்களை இருத்தலாம். இக்காலக் கணக்கில் அது 10 கிலோபைட்டு. இன்று சிறு பெட்டிக் கணிப்பொறி ஒன்றில் சாதாரணமாகக் காணும் 16 கிகாபைட்டு நினைவகம், இதனைப்போல் பதினாறு இலட்சம் மடங்குக்கும் மேற்பட்டது. அக்காலப் பொறிகளைத் திறப்பதா, மூடுவதா என்ற வினாவே எழவில்லை. அவை அறையளவு பெரியவை. அவற்றின் பொறியாளர் அவற்றினூடே நடந்துசென்றே பழுதுபார்த்தனர்.

நூறு முனைச் செருகுவாய்

1971-இல் இன்டெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. கணிப்பொறியின் மூளைப் பகுதி முழுவதும் ஒரே சில்லில் அடங்கிற்று. அதன் வழிவந்த 8080 என்னும் செயலியைக் கொண்டு, நியூ மெக்ஸிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் என்பார் நடத்திய 'மிட்ஸ்' என்னும் சிறு நிறுவனம் 'ஆல்டேர் 8800' என்ற பொறியை உருவாக்கிற்று. 1975 ஜனவரி மாத 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் அது இடம்பெற்றது. பகுதி பகுதியாக வாங்கி வீட்டிலேயே பற்றவைத்துக்கொள்ளவேண்டிய பொறி அது. அதன் நினைவகமோ வெறும் 256 பைட்டு. ஒரு சிறு கடிதத்தையும் அதில் இருத்த இயலாது.

அத்துணை எளிய பொறி வரலாற்றில் நிலைபெற்றது எதனால்? அதனுள்ளே நூறு முனைகள் கொண்ட செருகுவாய்கள் வரிசையாக அமைந்திருந்தன. நினைவகம் வேண்டுவோர் நினைவக அட்டையைச் செருகலாம். தட்டச்சுப் பொறியை இணைக்க வேண்டுவோர் அதற்குரிய அட்டையைச் செருகலாம். அதே ஆண்டில் 'புராசஸர் டெக்னாலஜி' என்னும் மற்றொரு சிறு நிறுவனம் தோன்றி ஆல்டேருக்கு உகந்த நினைவக அட்டைகளை விற்கலாயிற்று. ஒருவர் கட்டிய வீட்டிற்குப் பிறர் கதவும் சன்னலும் செய்து விற்கும் தொழில் இவ்வாறு தொடங்கிற்று. அச்செருகுவாய் முறை 'எஸ்-100' என்று பெயர் பெற்று, 1983-இல் முறையான தரநிலையாகவும் ஏற்கப்பெற்றது.

எட்டா, இரண்டா?

1977-இல் ஆப்பிள் நிறுவனத்தார் 'ஆப்பிள் 2' என்னும் கணிப்பொறியை வெளியிட்டனர். அதனை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக் எட்டுச் செருகுவாய்கள் வேண்டும் என்றார். அவருடைய கூட்டாளியான ஸ்டீவ் ஜாப்ஸோ, அச்சுப்பொறிக்கு ஒன்றும் தொலைபேசி இணைப்புக்கு ஒன்றுமாக இரண்டே போதும் என்றார். வாஸ்னியாக் தம் கருத்தில் உறுதியாக நின்றமையால் எட்டும் அமைந்தன. மேல்மூடியைக் கையாலேயே தூக்கித் திறக்கலாம், திருப்புளியும் வேண்டா.

அந்த எட்டு வாய்களால் விளைந்த பயன் பெரிது. 1978-இல் வட்டு இயக்கி ஓர் அட்டை வழியாக வந்து சேர்ந்தது. 1980-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வேறொரு செயலியையே ஓர் அட்டையில் அமைத்து விற்றது. அதனைச் செருகியதும் ஆப்பிள் 2 முற்றிலும் வேறு வகைக் கணிப்பொறிக்குரிய நிரல்களையும் இயக்கிற்று. செய்தவர்களே எண்ணிப்பாராத வேலைகளை அப்பொறி செய்யலாயிற்று. ஆப்பிள் 2 குடும்பத்துப் பொறிகள் 1993 வரை, பதினாறு ஆண்டுகள் விற்பனையில் இருந்தன.

1981 ஆகஸ்டு 12-ஆம் நாள் வெளிவந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறியும் இவ்வழியையே பின்பற்றிற்று. அதனுள் ஐந்து செருகுவாய்கள் இருந்தன. அதன் மின்சுற்று வரைபடங்களையும் உள்ளமைப்பு விளக்கங்களையும் ஐ.பி.எம். நூலாகவே அச்சிட்டு விற்றது. ஆகவே எவரும் அதற்கு அட்டை செய்ய முடிந்தது. சில காலத்தில், அதனோடு ஒத்தியங்கும் முழுக் கணிப்பொறியையே பிறர் செய்யவும் முடிந்தது. 1982-இல் அறிவிக்கப்பெற்ற காம்பாக் நிறுவனத்தின் பொறி அவற்றுள் புகழ்பெற்றது. 1987-இல் ஐ.பி.எம். தன் புதிய வரிசைப் பொறிகளுக்கு உரிமக் கட்டணத்திற்கு உட்பட்ட வேறொரு செருகுவாயை வகுத்தபோது, காம்பாக் முதலிய ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி 1988-இல் தமக்கென ஒரு பொது முறையை அறிவித்தன. பூட்டப்பட்ட அம்முறை பரவவில்லை. பின்னர் 1990-களில் இன்டெல் வகுத்த 'பி.சி.ஐ.' என்னும் பொது முறை எங்கும் நிலைபெற்றது.

மூடிய பெட்டியின் வாதம்

1984 ஜனவரி 24-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனமே இதற்கு நேர்மாறான பொறி ஒன்றை வெளியிட்டது. அதுவே 'மக்கின்டாஷ்'. ஒன்பது அங்குலத் திரையும் கணிப்பொறியும் ஒரே சிறு பெட்டியில் அடங்கிய அழகிய பொறி. அதனுள் ஒரு செருகுவாயும் இல்லை. நினைவகம் 128 கிலோபைட்டு. அது பலகையில் பற்றவைக்கப்பட்டிருந்தது. பெட்டியைத் திறப்பதற்கே நட்சத்திர வடிவ முனையுடைய நீண்ட திருப்புளி வேண்டும்.

இதனைச் செய்தவர்களின் வாதத்தையும் நாம் நேர்மையுடன் கேட்டல் வேண்டும். கணிப்பொறி, வானொலிப் பெட்டியைப்போல் எவரும் அஞ்சாமல் பழகும் வீட்டுச் சாதனமாதல் வேண்டும். அட்டை செருகும் தொல்லை மக்களுக்கு எதற்கு என்பது அவர்கள் கருத்து. கேட்பதற்கு இனிய வாதமே. ஆனால் வானொலிப் பெட்டியின் உள்ளமைப்பை எண்ணிப் பாருங்கள். பழைய வால்வு ரேடியோவில் வால்வுகள் குழிகளில் செருகப்பட்டிருந்தன. ஒன்று பழுதானால் பழுதுபார்ப்பவர் அதனை மட்டும் பிடுங்கி வேறொன்றைச் செருகினார். பெட்டி மீண்டும் பாடிற்று. நேயர் பெட்டியைத் திறக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் பெட்டி திறக்கத்தக்கதாகவே செய்யப்பட்டிருந்தது.

128 கிலோபைட்டு மக்கின்டாஷுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் நினைவகம் போதாது என்பது விரைவில் வெளிப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 512 கிலோபைட்டு உடைய பொறி வந்தது; முதற்பொறியின் விற்பனை 1985-இல் நின்றது. 1986-இல் வந்த 'மக்கின்டாஷ் பிளஸ்' கழற்றி மாற்றத்தக்க நினைவகத்தைப் பெற்றது. 1987-இல் வந்த 'மக்கின்டாஷ் 2' ஆறு செருகுவாய்களுடன் விளங்கிற்று. மூடிய பெட்டி மூன்றே ஆண்டுகளில் மீண்டும் திறந்தது.

இந்தியர் பங்கு

இவ்வரலாற்றில் நம்மவர்க்கும் இடமுண்டு. திருச்செந்தூருக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்து, பிழைப்பு நாடித் தில்லி சென்ற சிவ நாடார், தம் நண்பர்களுடன் 1976-இல் எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினார். 1978-இல் அந்நிறுவனம் '8சி' என்னும் நுண்கணிப்பொறியை உருவாக்கிற்று. ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியதும் அதே ஆண்டிலேதான்.

மற்றொருவர், பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற அஜய் பட். இன்டெல் நிறுவனத்தில் அவரும் உடன்பணியாளரும் பிற நிறுவனத்தாருடன் சேர்ந்து உருவாக்கிய 'யு.எஸ்.பி.' முறை 1996-இல் வெளிவந்தது. அதுவரை அச்சுப்பொறிக்கு ஒரு வகைத் துளை, விசைப்பலகைக்கு ஒரு வகை, சுட்டிக்கு ஒரு வகை என்று இருந்தது. புதியது சேர்ப்பதற்குப் பெட்டியைத் திறக்கவேண்டியும் இருந்தது. யு.எஸ்.பி. வந்தபின் பற்பல கருவிகளைப் பெட்டியின் வெளியிலிருந்தே இணைக்க முடிந்தது. கணிப்பொறி சிறுத்ததற்கு இதுவும் ஒரு முதற்காரணம். வெளியிலேயே சேர்க்கக்கூடுமாயின் உள்ளே வெற்றிடம் விட்டுவைப்பானேன்?

பெட்டி சிறுத்த காலம்

2001-இல் தைவானைச் சேர்ந்த 'வியா' நிறுவனம் 17 சென்டிமீட்டர் சதுரமான தாய்ப்பலகை அளவு ஒன்றை வகுத்து 'மினி-ஐ.டி.எக்ஸ்.' என்று பெயரிட்டது. 2005 ஜனவரியில் ஆப்பிள் 'மாக் மினி' என்னும் பொறியை வெளியிட்டது, 16.5 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் உயரம். அதன் மூடியைத் திறக்கத் திருகாணி இல்லை. சுவருக்குப் பட்டி பூசும் மெல்லிய தகட்டை இடுக்கில் செலுத்தி நெம்பித் திறந்தனர். 2010-இல் வந்த மாதிரியில் அடிமூடியைக் கையால் திருகியே திறந்து நினைவகத்தை மாற்றலாம். 2014-இல் நினைவகம் பற்றவைக்கப்பட்டது. 2018-இல் மீண்டும் கழற்றத்தக்கதாயிற்று. 2020-இல் வந்த மாதிரியில் நினைவகம் செயலியோடு ஒரே தொகுதியாக இணைந்துவிட்டது. ஒரே பெயருடைய பொறியில் இத்தனை மாற்றங்கள்! பழைய வழக்கு இன்னும் முடியவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2012-ஆம் ஆண்டு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் இங்கிலாந்திலிருந்து 'ராஸ்பெர்ரி பை' என்னும் ஒற்றைப் பலகைக் கணிப்பொறி 35 டாலர் விலையில் வந்தது. இன்டெல் நிறுவனம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் சதுரப் பலகையைக் கொண்ட 'நக்' என்னும் பெட்டியை வெளியிட்டது. நினைவகமும் சேமிப்பகமும் இன்றியும் அது விற்கப்பட்டது. வாங்குவோர் தம் தேவைக்கேற்பச் செருகிக்கொண்டனர். 2023-இல் இன்டெல் இத்தொழிலை நிறுத்திக்கொள்ள, தைவானின் ஏசஸ் நிறுவனம் உரிமம் பெற்று அவ்வரிசையைத் தொடர்ந்தது. லெனோவோவின் 'டைனி' வரிசையும் 2012-இல் தொடங்கியதே. பின்னர் டெல், எச்.பி. ஆகியோரும் அலுவலகங்களுக்கென அதே அளவில் பெட்டிகள் செய்தனர். இவற்றின் கொள்ளளவு சுமார் ஒரு லிட்டர்.

இன்றைய பெட்டியின் உள்ளே

இத்தகைய பெட்டி ஒன்றின் மூடியைத் திறந்தால் காண்பவை எவை? முதலாவது, நினைவகம். மடிக்கணிப்பொறிக்குரிய சிறிய நினைவக அட்டைகளே இதிலும் பொருந்தும். பெரும்பாலும் இரண்டு செருகுவாய்கள் இருக்கும். டி.டி.ஆர்.4 வகைக்கு 260 முனைகள், டி.டி.ஆர்.5 வகைக்கு 262 முனைகள். வெட்டுக்குறி வேறு வேறு இடத்தில் இருத்தலின் ஒன்று மற்றொன்றின் வாயில் பொருந்தாது. வலிந்து அழுத்துதல் கூடாது.

இரண்டாவது, சேமிப்பகம். 'எம்.2' என்னும் செருகுவாயில் 22 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய அட்டையைச் செருகுவர். '2280' என்று அதன்மேல் எழுதியிருந்தால், அகலம் 22, நீளம் 80 மில்லிமீட்டர் என்பது பொருள். இங்கு ஒரு நுட்பம் உண்டு. உருவத்தால் ஒன்றுபோல் தோன்றும் இவ்வட்டைகளுள் 'சாட்டா' வகை வேறு, 'என்.வி.எம்.இ.' வகை வேறு. செருகுவாய் எதனை ஏற்கும் என்று அறிந்தே வாங்கவேண்டும். சில பெட்டிகளில் 2.5 அங்குல வட்டுக்கும் தனியிடம் உண்டு; கம்பியில்லா இணைப்புக்கென மற்றொரு குறுகிய எம்.2 வாயும் இருக்கலாம்.

மூன்றாவது, மின்சாரமும் வெப்பமும். இவற்றின் மின்வழங்கி பெட்டிக்கு வெளியே, மடிக்கணிப்பொறிக்கு இருப்பதுபோல் தனிக் கட்டியாக இருக்கும். பெரும்பாலும் 65 வாட் அல்லது 90 வாட். ஒரு லிட்டர் அளவுப் பெட்டிகள் பலவற்றில் 35 வாட் அளவுச் செயலிகளே அமைகின்றன. ஆகவே பெரிய வரைகலை அட்டைக்கு இடமும் இல்லை, மின்சாரமும் இல்லை. லெனோவோ டைனி வரிசையின் சில மாதிரிகளில் மட்டும் ஒரு சிறு விரிவாக்க அட்டையைச் செருக வழியுண்டு. மற்றவற்றில் 'தண்டர்போல்ட்' போன்ற விரைவான வெளித்துளை இருந்தால் புறத்தே இணைக்கலாம். யு.எஸ்.பி.-சி துளைகள் யாவும் உருவத்தில் ஒன்றே. வேகத்தில் விநாடிக்கு 5 கிகாபிட்டு முதல் 40 கிகாபிட்டும் அதற்கு மேலும் வேறுபடும். விளக்கத் தாளைப் படித்தாலன்றித் தெரியாது.

நினைவகத்தைப் பற்றவைப்பதற்குத் தக்க காரணமும் இல்லாமலில்லை. செயலிக்கு மிக அருகில் அமைந்த நினைவகம் குறைந்த மின்சாரத்தில் மிகுந்த வேகம் தரும். ஆனால் 8 கிகாபைட்டு என்று வாங்கியவர் என்றென்றும் 8 கிகாபைட்டோடே நிற்கவேண்டும். அதில் ஒரு சில்லு பழுதானால் பலகை முழுவதும் பழுது. இவ்விரண்டையும் ஒத்திசைக்கும் முயற்சியாக 2023 டிசம்பரில் 'கேம்2' என்னும் தரநிலை வெளியிடப்பெற்றது. வேகம் குறையாமல் கழற்றி மாற்றத்தக்க நினைவகத்திற்கு அது வழிவகுக்கிறது.

வாங்குவோர் கடமை

தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, கல்கத்தாவின் சாந்தினி, நம் சென்னையின் ரிச்சி தெரு ஆகிய எவ்விடத்தில் வாங்கினும் கேள்விகள் ஒன்றே. நினைவகம் செருகப்பட்டதா, பற்றவைக்கப்பட்டதா? எத்தனை 'ஸ்லாட்'? அவற்றுள் காலியாக உள்ளது எது? உச்ச அளவு எவ்வளவு? மூடியைத் திறந்தால் பொறுப்புறுதி போய்விடுமா? 'ஸ்லாட்' என்னும் சொல் எல்லா மாநிலத்துக் கடைவீதிகளிலும் செல்லுபடியாகும். மொழித் தடையை எண்ணி எவரும் வாளாவிருக்கவேண்டா.

அலுவலகங்கள் கழித்துவிட்ட ஒரு லிட்டர் பெட்டிகள் குறைந்த விலையில் சந்தைக்கு வருகின்றன. மாணவர் உள்ள இல்லங்களுக்கு அவை நல்ல வாய்ப்பு. ஆனால் விண்டோஸ் 10 முறைக்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்கு ஏற்கப்படவில்லை. நினைவகத்தை மாற்றலாம், வட்டை மாற்றலாம். தலைமுறை தாழ்ந்த செயலியை உயர்த்துதல் எளிதன்று. அத்தகைய பெட்டியில் லினக்ஸ் இயக்க முறையை ஏற்றிப் பயன்கொள்வாரும் உளர்.

அரசும் இவ்வழக்கைக் கேளாமல் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத் தளத்தைத் தொடங்கிற்று. புதிய மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் பொருளை வாங்குபவர் கேளாதவரை, செய்பவருக்கு மூடியைத் திறந்துவைக்கும் கட்டாயம் சிறிதே.

வேற்றூரில் சம்பாதித்த பணத்தில் ஊருக்கு அனுப்பியது போக எஞ்சியதைக்கொண்டே இப்பொருள் வாங்கப்படுகிறது. பள்ளிச் சிறுவனுக்காக இன்று வாங்கும் பெட்டி அவன் கல்லூரி முடிக்கும் வரை உழைக்கவேண்டும் என்று பெற்றோர் விரும்புவது இயல்பு. காலியான ஒரு நினைவகச் செருகுவாயும், திருகாணியால் திறக்கும் ஒரு மூடியும் அப்பெட்டியின் ஆயுளை நீட்டும். ஆதலின் நேயர்கள், பெட்டியின் புற அழகைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், அதன் அடிப்புறத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தே விலை பேசுவாராக.